ஓட்டை போட்ட படகு

படகின் அடியில் ஓட்டை போட்டவள் ரேவதியேதான். மூக்கண்டப்பள்ளியில் ஃபைபர் தொட்டி செய்யும் கம்பெனியில் அவளுக்குப் பதினோரு வருடம். தொட்டி காய்ந்ததும் கடைசி வேலை, கழுவும் தண்ணீர் வெளியேற அடியில் ஓட்டை போட்டு மரை மூடி திருகுவது. மிச்சத் துணுக்குகளைக் கேட்டு வாங்கி, ஞாயிறு ஞாயிறாக உட்கார்ந்து இரண்டு பேர் போகும் நீளப் படகு ஒன்றைச் செய்து முடித்தபோதும், கை தானாக டிரில்லை எடுத்துவிட்டது.

பக்கத்து வீட்டுக் காத்தூன் குனிந்து பார்த்தாள். "ஏண்டி, இது தண்ணி உள்ள வர்றதுக்கா, வெளிய போறதுக்கா?"

ரேவதி மரையில் டேப் சுற்றி மூடியைத் திருகினாள்.

சேதி வேப்பனப்பள்ளி வரை போனது. ஆறு மாடு வைத்திருக்கும் கொழுந்தன் குருமூர்த்தி மறுநாளே வந்து நின்றான்.

"படகா அண்ணி இது? மூடி போட்ட மாட்டுத் தொட்டி. எங்கிட்டக் குடுத்துடுங்க."

பேச்சு வளர்ந்து கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தது. ஆயுத பூஜையை ஒட்டி மூன்று நாள் லீவு. ரேவதியும் காத்தூனும் கெலவரப்பள்ளி அணைக்குக் கீழே படகை இறக்கி, தென்பெண்ணை ஆற்றிலேயே கிருஷ்ணகிரி அணைக்குக் கொண்டுபோக வேண்டும். தடுப்பணைகளில் இரண்டு பேரும் கையால் தூக்கி இறக்கிக்கொள்ளலாம். போய்ச் சேர்ந்தால் படகு ரேவதிக்கு. வழியில் வண்டியில் ஏற்றினால் மாடுகளுக்கு. ரேவதியின் கணவன் சிவராஜ் எந்தப் பக்கமும் சேராமல், படகுக்குச் சந்தனப் பொட்டு வைத்து, பூஜைப் பொரியைக் கட்டிக் கொடுத்தான்.

முதல் நாள் முழுக்க கழிவுநீர் நுரை. சோப்பு மலைகளுக்கு நடுவே துடுப்புப் போட்டார்கள். இந்தத் தண்ணீரில் மீன் கிடைத்தாலும் தொடமாட்டேன் என்று காத்தூன் சொல்லிவிட்டதால் பொரியைத் தின்று, ஒரு மாந்தோப்பின் மோட்டார் ரூமில் படுத்தார்கள். இரண்டாம் நாள் ஓடைகள் வந்து சேர ஆறு தெளிந்தது. மைதா உருண்டைக்கு ஒன்பது ஜிலேபிக் கெண்டைகள் மாட்டின. ஏரிக்கரையில் வளர்ந்த காத்தூன்தான் அதில் ஏழு மீனைப் பிடித்தாள். மணல் திட்டில் கூடாரம் போட்டு, மிளகாய்த்தூள் தடவிச் சுட்டார்கள். ஒவ்வொரு பாலத்திலும் தன் டாடா ஏஸ் வண்டியை நிறுத்திக் காத்திருந்த குருமூர்த்திக்கும் இரண்டு மீன் கிடைத்தது. தின்றுவிட்டு, தொட்டிக்கு நீல பெயின்ட் அடிக்கலாம் என்றிருக்கிறேன் என்றான்.

மூன்றாம் நாள் மத்தியானம், அணைக்கு முந்தின கடைசித் தடுப்பணை. மூட்டைகளைக் கரையேற்றிவிட்டுப் படகை இறக்கும்போது காத்தூனின் கையிலிருந்து கயிறு நழுவியது. படகு தண்ணீரோடு குதித்து, நிரம்பி, கீழே இரண்டு குண்டுக்கல்லுக்கு நடுவே ஒரு பாறையின் மேல் போய் உட்கார்ந்தது. விளிம்பு வரை தண்ணீர். கவிழ்க்க இடமில்லை. மொள்ள வைத்திருந்த வாளியும் போய்விட்டது. இருவரும் தோள் கொடுத்தார்கள், அசையவில்லை. இழுத்தால் ஃபைபர் விரியும் என்று ரேவதிக்குத் தெரியும்.

கரையில் ஏஸின் பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"நாலு ஆளக் கூட்டியாரட்டா அண்ணி?"

"என்னாலதான்டி," என்றாள் காத்தூன். அவள் முகம் வாடிவிட்டது.

ரேவதி படகின் பக்கத்தில் மண்டியிட்டாள். பாறைக்கும் அடிப்பாகத்துக்கும் இடையே முழங்கை நுழையும் சந்து இருந்தது. பதினோரு வருடம் பழகிய கை, பார்க்காமலே போய் மூடியைப் பிடித்தது. மூன்று சுற்று. நான்காவதில் தண்ணீர் பீறிட்டுப் பாறை மேல் ஓடியது.

காத்தூன் சிரிக்கத் தொடங்கினாள். "வெளிய போறதுக்குத்தான்!"

கால் மணி நேரத்தில் படகு காலி. மூடியைத் திருகி, ஆளுக்கொரு முனை தூக்கி, இருவர் மட்டும் அதைத் தண்ணீரில் வைத்தார்கள்.

சாயங்காலம் கிருஷ்ணகிரி அணையின் விரிந்த தண்ணீரில் படகு நுழைந்தது. காத்தூன் துடுப்பைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள். கரையில் பரிசல்காரர்கள் எழுந்து நின்று விசிலடித்தார்கள். குருமூர்த்தி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் வந்து நின்றான்.

"நான் ஒரு ரவுண்டு வரட்டா அண்ணி?"

காத்தூன் இறங்கிக்கொள்ள, ரேவதி நகர்ந்து இடம் விட்டாள்.

"ஏறு. மூடிய மட்டும் மிதிக்காத."