அவசரத்துக்கு ஒரு ஃபோன்

ஆர்விட் டோஸ்ட்ருடுக்கு எழுபத்தேழு வயதில் செல்ஃபோன் வாங்க வேண்டிய தலையெழுத்து மகள் மூலமாக வந்தது.

"கையில ஃபோன் இல்லாம இனிமே ஏரிக்குப் போகக் கூடாதுப்பா. முடியாதுன்னா சொல்லுங்க, குடிலை வித்துடலாம். வாங்கறதுக்கு ஆள் ரெடியா இருக்கு," என்றாள் காரின். இதைச் சொல்வதற்காகவே செயின்ட் பால் நகரத்திலிருந்து பனிச்சாலையில் காரோட்டி வந்திருந்தாள். விளையாட்டுப் பேச்சு என்று தள்ளிவிட முடியவில்லை.

குடில் என்றால் மாளிகை ஒன்றும் இல்லை. ஏரி உறைந்ததும் அதன்மேல் இழுத்துக்கொண்டுபோய் நிறுத்துகிற நாலு பலகைச் சுவர், ஒரு கேஸ் அடுப்பு, தூண்டில் விட தரையில் ஓர் ஓட்டை, அவ்வளவுதான். மனைவி லொரெயின் இறந்துபோன பிறகு குளிர்காலத்தில் ஆர்விட் அங்கேதான் பழியாகக் கிடந்தார். வீட்டில் சாப்பாட்டு மேஜைக்கு எதிரே ஒரு நாற்காலி காலியாக இருந்து அவரையே பார்த்தது. குடிலில் இருந்ததே ஒரு நாற்காலிதான். அதை விற்பதற்கு அவரையே விற்றுவிடலாம்.

ஆகவே கடைக்குப் போனார்கள். காரின் பெரிய பெரிய ஃபோன்களாக எடுத்துக் காட்டினாள்.

"இதுல வானிலையெல்லாம் பார்க்கலாம்பா."

"வானிலை பார்க்கத்தான் வீட்டுல ஜன்னல் வெச்சிருக்கேன்."

"போட்டோ எடுக்கலாம்."

"யாரை?"

காரின் ஃபோனை எடுத்த இடத்திலேயே வைத்தாள். ஆர்விட் குனிந்து, எல்லாவற்றுக்கும் கீழே கொக்கியில் தொங்கிய ஒரு மடக்கு ஃபோனை எடுத்தார். பொத்தான்கள் பிஸ்கட் பிஸ்கட்டாக இருந்தன. விலையும் அங்கே இருந்தவற்றிலேயே குறைச்சல்.

"இதுல என்னம்மா செய்யலாம்?" என்று கடைப்பெண்ணைக் கேட்டார்.

"பேசலாம் சார்."

"வேற?"

"வேற ஒண்ணும் முடியாது சார்."

"அப்ப இதையே குடு."

மாதாமாதம் பணம் கட்டும் திட்டத்தைப் பற்றி அந்தப் பெண் ஆரம்பித்தாள். "அவசரத்துக்குத்தானேம்மா வாங்கறேன்? அவசரம் என்ன மாசாமாசமா வருது?" என்று கேட்டு, இருப்பதிலேயே சின்னதான முப்பது நிமிட கார்டை வாங்கிக்கொண்டார். காரின் கூரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

"நிமிஷமெல்லாம் தீர்ந்துபோனாலும் 911-க்கு மட்டும் எப்பவும் கால் போகும் சார்," என்று தைரியம் சொன்னாள் கடைப்பெண்.

ஆர்விடுக்கு அதுதான் பயமே. அந்த ஊரில் அவசர உதவி எண்ணான 911-ஐ அழுத்தினால் தீயணைப்பு வண்டி ஊளையிட்டுக்கொண்டு வரும். அதில் வருகிற அத்தனை பேரும் அவருக்குத் தெரிந்தவர்கள். பிறகு ஈஸ்டர் வரைக்கும் காபிக்கடையில் வேறு பேச்சே இருக்காது. அதற்கு விறைத்துச் சாவது எவ்வளவோ கௌரவம்.

சோதனைக்காக, ஊருக்குக் கிளம்பிய மகள் காரிலிருந்தே கூப்பிட்டாள்.

"நல்லா கேக்குதாப்பா?"

"கேக்குது. சரி, அப்ப வெச்சிடறேன்."

மற்ற ஊர்க்காரர்கள் இதோடு வைத்துவிடுவார்கள். மினசோட்டாவில் விடைபெறுவது அப்படி லேசுப்பட்ட காரியமில்லை. மேஜையில் ஒருமுறை, வாசலில் ஒருமுறை, கார் ஜன்னலில் ஒருமுறை என்று தவணை முறையில் நடக்க வேண்டும். ஆகவே 'சரி, அப்ப' என்ற பிறகு சாலையில் குறுக்கே வரும் மான்களைப் பற்றிப் பேசினார்கள். அடுத்த 'சரி, அப்ப'வுக்குப் பிறகு பாதிரியாரின் முழங்கால் ஆபரேஷன். அங்கே வருகிற காலுக்கும் நிமிடம் கழியும்; வைத்த பிறகு பார்த்தால் கார்டில் பாதியைக் காணோம். ஞாயிற்றுக்கிழமை அவள் மறுபடி கூப்பிட்டதில் இரண்டே நிமிடம்தான் மிஞ்சியது.

"இன்னொரு கார்டு வாங்கிப் போடுங்கப்பா," என்றாள் காரின்.

"எதுக்கு? அவசரமே இன்னும் வரலையே!" என்று சொல்லி ஃபோனை அணைத்துக் கோட்டுப் பையில் போட்டார்.

அவசரம் அடுத்த வாரமே வந்தது. டிசம்பர் மாதம், ஏரியின் பனி ஆள் நடக்கத் தாங்கும், டிரக் தாங்காது. அடுப்பில் கேஸ் தீர்ந்துபோகவே, வெளியே வைத்திருந்த புது சிலிண்டரை எடுக்க வந்த ஆர்விட் வழுக்கி விழுந்தார். கணுக்காலில் 'மளுக்' என்றது. தவழ்ந்து உள்ளே வந்து சேர்வதற்குள் உயிர் போய்விட்டு வந்தது. சிலிண்டர் வெளியிலேயே கிடந்தது. டிரக் கரையில் நின்றது. மற்ற குடில்கள் கத்தினாலும் கேட்காத தூரத்தில் இருந்தன. சூரியன் மரங்களுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது.

காரினைக் கூப்பிட்டால் நாளைக்கே குடில் கைமாறிவிடும். 911-ஐ நினைக்கவே வேண்டாம். ஃபோனைப் போட்டு, அடுத்த தெரு வெர்னா ஸ்கோக்மோவைக் கூப்பிட்டார். அந்தம்மாளும் தனிக்கட்டை. தேவாலயத்தில் அவர் பெஞ்சுக்கு முன் பெஞ்சு.

"வெர்னா, ஆர்விட் பேசறேன். தொந்தரவு பண்ணிட்டேனா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. இன்னிக்குக் குளிர் கொஞ்சம் கூடத்தான், இல்ல?"

"இதைவிடப் பார்த்திருக்கோம்," என்றார் ஆர்விட், பல் கிடுகிடுக்க. வானிலையைத் தாண்டாமல் எந்த விஷயத்துக்கும் போக முடியாதே! அதற்கே ஒரு நிமிடம் போயிற்று. "நான் குடில்லதான் இருக்கேன். கால்ல லேசா ஒரு இது."

"அய்யய்யோ! நான் வரட்டுமா?"

இங்கேதான் சிக்கல். அந்த ஊரில் ஒன்றைக் கொடுக்கிறேன் என்றதும் வாங்கிக்கொண்டால் பேராசை. இரண்டாம் தடவை வாங்கினால் அல்பத்தனம். மூன்றாம் தடவையும் வற்புறுத்தினால்தான் மரியாதையாகத் தலையாட்டலாம். எழுபத்தேழு வருடத்துப் பழக்கம், கால் ஒடிந்ததென்றா போய்விடும்?

"சேச்சே, இந்தக் குளிர்ல உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"சிரமம் என்ன? ஓவன்ல உருளைக்கிழங்கும் கறியும் வெந்துட்டிருக்கு. அதையும் எடுத்துட்டு வரேனே?"

"பரவாயில்ல, விடுங்க. நான் பார்த்துக்கறேன்," என்று சொல்லிவிட்டு, மூன்றாவது தடவைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார் ஆர்விட்.

ஃபோன் 'டொய்ங்' என்றது. நிமிடம் தீர்ந்துபோயிற்று.

அவர் ஃபோனை உலுக்கிப் பார்த்தார். திட்டிப் பார்த்தார். தூண்டில் ஓட்டையின் விளிம்பில் தண்ணீர் ஆடை கட்ட ஆரம்பித்தது. முதன்முதலாக அவருக்கு நிஜமாகவே பயம் வந்தது. விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. மானம் பெரிதா, உயிர் பெரிதா என்று ஒரு பட்டிமன்றமே நடத்திவிட்டு, ஒன்பதை அழுத்தினார். ஒன்றை அழுத்தினார். கடைசி ஒன்றின் மேல் கட்டைவிரல் நின்றபோது, கதவை யாரோ தட்டினார்கள்.

வெர்னா நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் துண்டு சுற்றிய பாத்திரம். மறு கையில் பேரப்பிள்ளைகளின் ஆரஞ்சு நிறச் சறுக்குப் பலகை.

"ரெண்டு தடவைதான் கேட்டேன். மூணாவது கேக்கறதுக்குள்ள லைன் கட்டாயிடுச்சு. அதை அப்படியே அந்தரத்துல விட்டுட்டு எனக்கு எப்படிச் சோறு இறங்கும்? அதான் நேர்லயே கேட்டுடலாம்னு வந்தேன்," என்றார் மூச்சு வாங்க. "நான் வரட்டுமா, ஆர்விட்?"

"உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா," என்றார் ஆர்விட். கண்ணில் நீர் வந்துவிட்டது. குளிர் என்று சொல்லிக்கொண்டார்.

சறுக்குப் பலகையில் அவரை உட்காரவைத்து, மடியில் சூடான பாத்திரத்தை வைத்து, வெர்னா ஏரியின் குறுக்கே கயிற்றைப் பிடித்து இழுத்துப் போனார். வழியிலிருந்த மற்ற குடில்களிலிருந்து தலைகள் எட்டிப்பார்த்தன. ஈஸ்டர் வரைக்குமான பேச்சுக்குப் பஞ்சமில்லை. ஆர்விட் எல்லோருக்கும் கையை ஆட்டினார்.

மறுநாள் காலில் கட்டோடு அவர் சோபாவில் கிடந்தபோது, செய்தி கேள்விப்பட்ட காரின் அவர் வீட்டு ஃபோனில் கூப்பிட்டாள். வெர்னாதான் எடுத்தார்.

"அந்த டப்பா ஃபோன் வேலை செஞ்சுதா ஆன்ட்டி? உண்மையைச் சொல்லுங்க."

"ஏன் செய்யாம? கூப்பிட்டார், வந்தேன்."

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனாலும் இனிமேல் அப்பா தனியாக ஏரிக்குப் போகக் கூடாது என்று காரின் கண்டித்துச் சொல்லிவிட்டாள். பிறகு அவளும் வெர்னாவும் 'சரி, அப்ப' சொல்லி முடிப்பதற்குள் காபி ஆறிப்போயிற்று.

ஃபோனை வைத்துவிட்டு வெர்னா மேஜைக்கு எதிரே இருந்த அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கோப்பையைப் பார்த்துக்கொண்டே, ஏதோ உப்பு கேட்பவர்போல, "தனியாத்தானே போகக் கூடாதுங்கறா? உங்க குடில்ல இன்னொரு நாற்காலி போட்டா, நான் வரட்டுமா?" என்றார்.

உங்களுக்கு எதுக்குச் சிரமம் என்று சொல்ல ஆர்விட் வாயைத் திறந்தார். அந்த 'டொய்ங்' காதில் கேட்டது.

"வாங்க," என்றார்.

முதல் தடவையிலேயே சொல்லிவிட்டார். வெர்னா பதறிப்போய் எழுந்து வந்து அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.