மூச்சு அவனுடையது, விரல் என்னுடையது

எங்கள் ப்ரேரி க்ரீக் பல்கலைக்கழகத்தில் யாருக்கும் ஒரே ஒரு வேலை என்பது கிடையாது. ஃபுட்பால் ஆடுகிறவன் இடைவேளையில் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, சேறு ஒட்டிய அதே சட்டையோடு பேண்டு வாத்தியக் குழுவில் போய் நிற்பான். மைக்கில் ஸ்கோர் சொல்கிறவன் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாடுவான். நான் இசை மாணவி. பேண்டை நடத்துகிறவள். ஆட்ட நாளில் வீரர்களின் கணுக்காலுக்கும் விரலுக்கும் டேப் சுற்றிவிடுகிறவளும் நான்தான். இதற்கு ஆள் பஞ்சம் என்று வெளியில் பெயர். வைத்துக்கொள்ளட்டும்.

அப்படிச் சொல்கிறவர்களில் முதல் ஆள் என் பெரியப்பா மகன் கோல்ட்டன். மாநிலப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். அங்கே பேண்டில் நிற்கிறவர்களை மட்டும் கொண்டுவந்து இறக்கினாலே நெப்ராஸ்காவில் ஒரு சின்ன ஊர் தேறும். அந்தக் கூட்டத்தில் இவனும் ஒரு ட்ரம்பெட். பழைய மாணவர்கள் ஊர் திரும்பும் ஆட்டத்துக்கு அன்று அவனும் வந்திருந்தான். கையில் பீன்ஸும் கறியும் காரமாகக் கொதிக்கவைத்த சில்லிக் கிண்ணமும் அதில் முக்கித் தின்ன இலவங்கப்பட்டை ரோலும்.

"என்னடி டெல்லா, இதான் உங்க ஸ்டேடியமா? எங்க ஊர்ல இதுல மாடு கட்டுவாங்க."

"உன்னையும் சேர்த்துக் கட்டுவாங்களா?" என்றேன்.

சிரித்தான். நான் இசைத் தாள்களைத் திரும்பவும் எண்ணிக்கொண்டிருந்தேன். அன்று இடைவேளையில் பேண்ட் வாசிக்கப்போவது என் இசை. நான் எழுதியது. இரண்டாம் ஆண்டு மாணவி எழுதியதை மைதானத்தில் வாசிப்பதாவது! எங்கள் பேராசிரியர் ஓல்சன் தாளைப் புரட்டிப் பார்த்தார், "சரி, வாசிச்சுடுவோம்" என்றார், அவ்வளவுதான். பெரிய இடத்தில் இதே தாள் அலமாரியில் கிடந்து நரைத்திருக்கும்.

போன வசந்தத்தில் ஓடையில் வெள்ளம் வந்து, நாங்கள் எல்லோரும் மணல் மூட்டை அடுக்கிய இரவைத்தான் எழுதியிருந்தேன். தொடக்கம் டியூபா என்ற பெரிய பித்தளை ஊதுகருவி மட்டும். தனியாக, அடியிலிருந்து, தண்ணீர் ஏறுகிற மாதிரி. அந்தத் தனி வாசிப்பை வேட் கூபிசெக்கை மனதில் வைத்தே எழுதினேன். வேட் எங்கள் அணியின் முன்வரிசைத் தடுப்பாட்டக்காரன், கதவு அகலத்துக்கு இருப்பான். அவன் ஊதினால் பெஞ்சு அதிரும். எங்களிடம் இருந்த ஒரே டியூபா ஆளும் அவன்தான்.

இடைவேளைக்குச் சற்று முன்னால் ஒரு மோதலில் வேட் வலது கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான்.

"நடுவிரல். மடங்கிருச்சு."

தொட்டுப் பார்த்தேன். எலும்பு முறிவு இல்லை, ஆனால் வீக்கம் ஏறிக்கொண்டிருந்தது. நடுவிரலையும் மோதிரவிரலையும் சேர்த்து வைத்து, எனக்குக் கற்றுக்கொடுத்தபடி, அசையாமல் இறுக்கிச் சுற்றினேன். நல்ல கட்டு. எனக்கே திருப்தி. டேப்பைக் கிழித்த பிறகுதான் உறைத்தது. டியூபாவின் பொத்தான்களை அழுத்துவது அந்த விரல்கள்தானே!

வேட் என் முகத்தைப் பார்த்தான். அவனுக்கும் புரிந்துவிட்டது.

"அவுத்து விடு. ஊதிட்டு வர்றேன், திரும்பக் கட்டிக்கலாம்."

"முடியாது. இப்ப மடக்கி அழுத்தினா நாளைக்கு பேனா பிடிக்க மாட்டே."

"அடிப்பாவி, உன் பாட்டு!"

"பாட்டும் என்னுது, கட்டும் என்னுது. அவுக்க மாட்டேன்."

சொல்லிவிட்டேனே தவிர அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. ட்ரோம்போனில் வாசிக்கச் சொல்லலாம், தொடக்கத்தை விட்டுவிட்டு நடுவிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று யார் யாரோ யோசனை சொன்னார்கள். வெள்ளமே வராமல் மணல் மூட்டை அடுக்குவது போலத்தான் அது இருக்கும்.

இடைவேளை விசில் ஊதியது. கோச் ஹல்வர்சன் பேண்டில் இருக்கும் பையன்களுக்காகத் தன் இடைவேளைப் பேச்சை ஓட்டத்திலேயே சொல்லி முடிப்பார். வேட்டின் கையைத் தூக்கிப் பார்த்தார்.

"கட்டு பிரமாதம். என்னம்மா, பெத்த பிள்ளையைப் பறிகொடுத்த மாதிரி நிக்கிறே?"

"இவனால ஊத முடியாது கோச்."

"வாய்ல என்ன அடி?"

"வாய்ல இல்ல கோச், விரல்ல..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினேன். வாயில் அடியில்லை. மூச்சிலும் அடியில்லை. எந்தச் சுரத்துக்கு எந்தப் பொத்தான் என்பது எழுதியவளுக்குத் தெரியாதா?

"வேட், டியூபாவை மாட்டு."

தோள் கவசத்தின் மேலேயே மாட்டினான். புல்வெளியின் நடுவில் பேண்ட் நின்றது. நான் ஏறி நிற்க வேண்டிய பலகை காலியாக இருக்க, வேட்டின் வலது பக்கம் போய் நின்று பொத்தான்களில் என் விரல்களை வைத்தேன். மைக்கில் இருந்தவன் என் பெயரைச் சொல்லிவிட்டு, "என்ன நடக்குதுன்னு எனக்கும் தெரியல, பொறுங்க" என்றான்.

முதல் சுரம் கன்றுக்குட்டி கத்துவது போல வந்தது. அவன் ஊதியது முந்தி, என் விரல் பிந்தி. கூட்டம் சிரித்தது. கோல்ட்டனின் சிரிப்பு எனக்குத் தனியாகக் கேட்டது. காது மடல் சுட்டது.

"தாளத்தை எண்ணாதே," என்றான் வேட் மெதுவாக. "என் வயித்தப் பாரு."

பார்த்தேன். சேறு அப்பிய சட்டை மேலே ஏறியது. ஏறி முடிந்த இடத்தில் அழுத்தினேன். சுரம் முழுசாக, கனமாக வந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. அவன் மூச்சு எங்கே திரும்பும் என்று என் விரலுக்குத் தெரிந்துவிட்டது. தண்ணீர் கரையைத் தொட்டது, ஏறியது, புல்லுக்குள் வந்தது. மேல் வரிசையில் வெள்ளத்தன்று மூட்டை சுமந்த சிலர் எழுந்து நின்றார்கள்.

தனி வாசிப்பின் கடைசிச் சுரத்தை வேட் விடாமல் பிடித்திருந்தான். அதற்குப் பொத்தானே தேவையில்லை, நல்லவேளை அப்படி எழுதியிருந்தேன். அவன் முகம் பீட்ரூட்டாகிக்கொண்டிருக்க, நான் ஓடிப்போய்ப் பலகையில் ஏறி, பின்பாக்கெட்டிலிருந்து பேண்டை நடத்தும் கோலை உருவி வீசினேன். மொத்த பேண்டும் சேர்ந்து முழங்கியது. கிளாரினெட் வாசித்தவள் அணியில் பந்தை உதைக்கிறவள், அவள் காலில் இன்னும் ஆட்ட ஷூதான். எத்தனை சேற்றுச் சட்டைகள்! அத்தனையையும் பார்த்து எனக்கு வந்த பெருமையை மறைக்க நான் முயலவே இல்லை.

முடிந்ததும் ஸ்டேடியம் கத்திய கத்தலில் மைக்கில் இருந்தவன் சொன்னது பாதிதான் கேட்டது: "இசை டெல்லா நோவோட்னி, மூச்சு வேட் கூபிசெக், விரலும் டெல்லா நோவோட்னி!"

கோல்ட்டன் கம்பி வேலி வரை இறங்கி வந்திருந்தான். கையில் ரோல் அப்படியே இருந்தது.

"என்ன, மாட்டுத் தொழுவம் எப்படி?" என்றேன்.

அவன் பதிலுக்குக் கேலி செய்யவில்லை.

"மூணு வருஷமா நான் எந்த வரிசையில நிக்கிறேன்னு எங்கம்மாவுக்கே தெரியாதுடி," என்றான். "ஒரு நாள் நான் வரலேன்னா ஒருத்தனும் திரும்பிப் பார்க்கமாட்டான். உங்க ஊர்ல ரெண்டு விரலைக் கட்டினா ஊரே எழுந்து நிக்குது."

அதற்குள் பின்னால் கோச்சின் குரல்.

"டெல்லா! டேப்!"

கோலைப் பின்பாக்கெட்டில் செருகிக்கொண்டு ஓடினேன்.