காபி இல்லாத ரத்தம்

கேட்டால் சிரிப்பீர்கள். தில்லை நகரில் இருக்கும் அந்த ரத்தப் பரிசோதனைக்கூடத்தின் மேனேஜர் ரெங்கநாயகிக்கு அந்த வாரம் வேண்டியிருந்ததெல்லாம் காபி கலக்காத ரத்தம். அதுவும் ஆறு பேருடையது.

புதுச் சளி மாத்திரை ஒன்றில், காபியில் இருக்கிற கஃபீனைச் சேர்த்திருந்தார்கள். மாத்திரை விழுங்கியவர் ரத்தத்தில் அது எவ்வளவு ஏறுகிறது என்று இவர்கள் அளக்கவேண்டும். அதற்கு முன்னால், கஃபீனே இல்லாத ஆறு பேர் ரத்தத்தை மெஷினில் ஓட்டி, வெறும் கோடு வருகிறதா என்று காட்டியாகவேண்டும். திங்கட்கிழமைக்குள் காட்டாவிட்டால் மாத்திரைக் கம்பெனி வேலையைத் தூக்கி ஹைதராபாத்துக்குக் கொடுத்துவிடும். அப்புறம் கூடத்தில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பவேண்டியதுதான்.

திருச்சியில் போய் காபி குடிக்காத ஆளைத் தேடுவதா? தலையெழுத்து!

மூன்று நாள் காபியைத் தொடக்கூடாது என்று சொல்லி, சம்மதித்த ஊழியர்களிடம் கையெழுத்து வாங்கி ரத்தம் எடுத்தார்கள். ஐந்து பேர் எப்படியோ தேறிவிட்டார்கள். ஆறாவது ஆள்தான் படுத்தியெடுத்தது. ஸ்டோர்ஸ் கலீமின் ரத்தத்தில் கஃபீன் மலைக்கோட்டை உயரத்துக்கு எழும்பி நின்றது.

“காபி குடிச்சீங்களா, கலீம்?”

“அல்லா மேல ஆணையா இல்லைங்க மேடம். மூணு நாளும் டீதான்.”

டீயிலும் அதே சனியன் இருக்கிறது என்று அந்த மனுஷனுக்கு யார் சொல்வது! ரிசப்ஷன் லூர்துராணி அதற்கும் மேல். “குடிக்கவே இல்லைங்க மேடம். டிகாஷன் சரியா இறங்கியிருக்கான்னு ஒரு வாய் பார்த்தேன், அவ்வளவுதான்.” எத்தனை தடவை பார்த்தாய் என்றால், “வேளைக்கு ஒரு தடவை” என்றாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ரெங்கநாயகிக்குப் பொறுமை போயிற்று. மெஷினை ஓட்டும் ஜெஸ்லினைக் கூப்பிட்டு, “நல்ல காபி ஏறின ரத்தம் எப்படி இருக்கும்னு இவங்களுக்குக் காட்டு. என்னோடதை எடு” என்று கையை நீட்டினாள். பின்னே? ஸ்ரீரங்கத்தில் வீட்டுக்காரர் ஸ்ரீரங்கராஜன் போட்டுக் கொடுக்கும் காபி காலையில் இரண்டு டம்ளர், பிளாஸ்கில் இரண்டு. வெளிக் காபியை அவள் மோந்துகூடப் பார்க்கமாட்டாள்.

மெஷினில் வெறும் கோடு வந்தது.

“மெஷின் ரிப்பேர்” என்றாள் ரெங்கநாயகி. கலீமின் ரத்தத்தைத் திரும்ப ஓட்டினார்கள். மலைக்கோட்டை அங்கேயே இருந்தது. அவளுடையதை மறுபடி ஓட்டினார்கள்; துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

“மேடம், ஆறாவது ஆள் கிடைச்சாச்சு!” என்று ஜெஸ்லின் குதித்தாள். ரெங்கநாயகி போனை எடுத்தாள்.

“ஏன்னா, எனக்குக் காபின்னு என்னத்தைக் கலந்து குடுக்கறேள்?”

“வெறும் சிக்கரி, காபித்தூளே கிடையாது. நாலு மாசமா. டாக்டர் உன்னைக் காபியை நிறுத்தச் சொன்னார். நீ டாக்டர்கிட்டப் போறதை நிறுத்திட்டே. நான் என்ன பண்றது?”

“இன்னிக்கு டிகாஷன் பேஷ்னு தினம் சொன்னேனே!”

“சிரிக்காம இருக்கறதுதான் பெரும்பாடா இருந்துது. போறது, நாளைலேர்ந்து நிஜக் காபியே போட்டுடறேன்.”

“ஐயையோ, வேண்டாம்!” என்று அலறினாள். எடுத்த ரத்தம் அளவு பத்தாது, மறுநாளும் ஒரு குப்பி வேண்டும் என்று ஜெஸ்லின் சைகை காட்டிக்கொண்டிருந்தாள். “அதையே குடுங்கோ. வந்து வெச்சுக்கறேன் உங்களை.”

சனிக்கிழமை காலை அதே டம்ளர், அதே சிக்கரி. மூக்கைப் பிடிக்காத குறையாகக் குடித்துவிட்டு வந்தாள். பத்து மணிக்கு மண்டை பிளந்தது. ரத்தம் எடுக்க வந்த ஜெஸ்லினிடம் எரிந்து விழுந்தாள்.

“நாலு மாசமா இதைத்தானே மேடம் குடிச்சீங்க? நேத்து வரைக்கும் தலை வலிக்கலையே?”

“நேத்து வரைக்கும் நான் காபி குடிச்சுட்டு இருந்தேன்டி!” என்றாள் ரெங்கநாயகி.