எல்லோரும் வாரன்

1

இந்தக் கதை பல் வலியில் பிறந்தது. வீங்கின கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு பல் மருத்துவரின் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து “வாரன்!” என்று கூப்பிட்டார்கள். நாலைந்து பேர் ஒன்றாக எழுந்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்து அசடு வழிந்தார்கள். “எல்லாரும் சொந்தமா?” என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டேன். “ஐயோ, இப்பதாங்க மூஞ்சியவே பாக்குறேன்” என்றார். முப்பாட்டன் காலத்தில் கப்பலேறி வந்த தமிழர்களின் அந்த ஊரில் வாரன் என்பது குடும்பப் பெயர், தடுக்கி விழுந்தால் ஒரு வாரன் மேல்தான் விழ வேண்டும். பல்லைப் பிடுங்கியாயிற்று, பெயர் மட்டும் வாயிலேயே தங்கிவிட்டது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: “பல தலைமுறைகளுக்கு முன் கடல் கடந்து வந்த வாரன் குலத்தின் வரலாறு—” வேண்டாம். குலம், வரலாறு என்றால் நீங்கள் கொட்டாவி விடுவீர்கள். எழுதும்போது எனக்கே வந்தது.

அடுத்தது: “பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்தபடி—” இவரையும் அனுப்பிவிட்டேன். வந்தால் பெயருக்குப் பொருள் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார், கதை அங்கேயே படுத்துவிடும்.

ஆகவே ஒரு தையலம்மா. திரைச்சீலை தைப்பவள். கணவர் தவறிச் சில வருடம் ஆகிறது. வீட்டில் ஒரு தையல் மெஷின், தரை முழுக்கத் துணி, ஒரே மகள். மகளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம், வீட்டில் கூப்பிடுகிற பெயரோ பொடிசு. இந்தப் பொடிசுக்கு ஒரு ரொட்டிக்கடைக்காரனைப் பிடித்துவிட்டது. சிரித்த முகம், கெட்ட பழக்கம் கிடையாது, முழங்கை வரை மாவு. எல்லாம் சரி. ஆனால் இவர்களைப்போல அவனும் வாரன்.

“அண்ணன் முறை ஆகுதுடீ! ஊர்ல வேற ஆளே கிடைக்கலயா உனக்கு?”

“அண்ணனா? அவங்க வீட்டு ஆளுங்க ஒருத்தரையாவது உனக்குத் தெரியுமாம்மா?”

“தெரியலன்னா சொந்தம் இல்லன்னு ஆயிடுமா? ஒரே பேரு, ஒரே ரத்தம்.”

தையலம்மா பிடிவாதக்காரி என்று நினைக்காதீர்கள். (நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன். அவள் முகத்தைச் சுளித்தாள், அந்த வரியை அடித்துவிட்டேன்.) பங்காளிக்குள் பெண் கொடுப்பதில்லை என்று நம்பி வளர்ந்தவள். அந்த நம்பிக்கை அவளுக்கு உயிர்.

3

பெயரின் பொருள் என்ன? (அவசரக்காரர்கள் இந்தப் பகுதியைத் தாண்டலாம். தாண்டினால் வருத்தப்படுவேன்.)

தையலம்மாவின் கணவர் கட்சி: அது வீரன். “எழுதினவன் சுழிக்குப் பதிலா காலப் போட்டுட்டான், அதான் வாரன் ஆயிடுச்சு” என்பார். இதைச் சொன்னவர் கரப்பான்பூச்சியைப் பார்த்தால் நாற்காலி மேல் ஏறி நிற்பவர். ரொட்டிக்காரனின் அப்பா கட்சி: வாரணம். யானை கட்டி ஆண்ட வம்சமாம். பொடிசு சொன்னது: “தலை வாரிவிடுற பரம்பரைம்மா. அதான் நம்ம எல்லாருக்கும் முடி கொட்டுது.”

தையலம்மா இதற்குச் சிரிக்கவில்லை. கணவர் சொல்லிவிட்டுப் போன வீரனை அவள் பத்திரமாக வைத்திருந்தாள். அவரை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும்.

4

ஒரு காலை. இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. தையலம்மா குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு ஒரு நீலத் திரைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருக்கிறாள். பொடிசு பையை மாட்டிக்கொண்டு செருப்பைப் போடுகிறாள்.

“நான் போறேன்.”

தையலம்மா ஊசிகளை உள்ளங்கையில் உதறினாள். எவ்வளவு கோபம் இருந்தாலும் இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க அவளால் முடியாது.

“வெளிய கிளம்புறப்ப போறேன்னு சொல்லாதடீ. வாரேன்னு சொல்லு.”

பொடிசு ஒரு செருப்போடு நின்றாள்.

“என்ன சொன்ன?”

“வாரேன்னு சொல்லுன்னு…”

“அம்மா! வாரேன்! அதான்மா வாரன்!” பொடிசு ஒரு கால் செருப்போடு உள்ளே ஓடிவந்தாள். “நம்ம பாட்டன் பூட்டனெல்லாம் கப்பல் ஏறுறப்ப பேர் என்னன்னு பாஷை தெரியாத ஒருத்தன் கேட்டிருப்பான். இவங்க கரையில நிக்கிற பொண்டாட்டி புள்ளையப் பாத்து வாரேன், வாரேன்னு கத்திட்டு இருந்திருப்பாங்க. அதையே பேருன்னு எழுதிட்டான். வரிசையில நின்ன அத்தனை பேரும் அதத்தானே சொல்லியிருப்பாங்க? எல்லாரும் அண்ணன் தம்பியா?”

(ஆதாரம் கேட்காதீர்கள், என்னிடம் கிடையாது. கண்ணாடிக் கடைப் பெண் ஒருத்தியின் ஊகம் இது. எனக்கு நம்பத் தோன்றுகிறது, அவ்வளவுதான்.)

“அப்ப உங்கப்பா வீரன்னு சொன்னது?”

“அப்பா சும்மா அளந்துவிட்டாரும்மா.”

தையலம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரிப்பு நின்ற பிறகும் நீர் நிற்கவில்லை.

“வாரேன்னு சொல்லிட்டு வந்தாங்களே, ஒருத்தராவது திரும்பிப் போனாங்களாடீ?”

பொடிசு காலில் கிடந்த ஒற்றைச் செருப்பைக் கழற்றினாள். தையலம்மாவே தொடர்ந்தாள்.

“அவன் வேற ஊர்ல கடை பாத்திருக்கானாமே. கல்யாணம் முடிஞ்சதும் ரெண்டு பேரும் அங்கதானாமே. ரொட்டி வாங்கப் போன இடத்துல அவங்க அம்மாவே சொன்னாங்க.”

இதை உங்களிடம் நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். என்ன செய்ய, அவள் என்னிடமே இப்போதுதான் சொல்கிறாள். பங்காளி, ரத்தம் எல்லாம் அவள் நம்பியதுதான். ஆனால் அந்த நம்பிக்கைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அவள் பயந்தது இந்த வீட்டில் தனியாக உட்கார்ந்து தைப்பதற்கு. இப்போது ஒளிந்துகொள்ள இடமில்லை.

5

முடிவு எழுதிப் பார்த்தேன்.

தையலம்மாவும் மெஷினைத் தூக்கிக்கொண்டு அவர்களோடு போய்விடுகிறாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இத்தனை வருடம் சேர்த்த வாடிக்கையையும், கணவர் இருந்த வீட்டையும் விட்டுவிட்டு அவள் ஏன் கிளம்ப வேண்டும்? எனக்கு வசதி என்பதற்காகவா?

பொடிசு “நான் எங்கயும் போகலம்மா” என்று காலைக் கட்டிக்கொண்டு— இதை முடிக்கவே இல்லை. அந்தப் பெண் பாவம்.

ரொட்டிக்காரன் இந்த ஊரிலேயே இருந்துவிடுகிறான். அவனிடம் யாராவது கேட்டார்களா?

எனவே அந்த அறையில் நிறுத்துகிறேன். பொடிசு தரையில், துணிக்குள் உட்கார்ந்துவிட்டாள். “நீ சொல்லும்மா. நீ என்ன சொல்றியோ அது” என்கிறாள். உண்மையாகவே சொல்கிறாள், அதுதான் கஷ்டம். இனி ஒரு வார்த்தையில் மகளைக் கட்டிப்போடவும் முடியும், அவிழ்த்துவிடவும் முடியும். தையலம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வாயைத் திறக்கிறாள்.

நான் எழுந்துகொள்கிறேன். அவளுக்கு வேண்டிய வார்த்தை என்னிடம் இல்லை. நீங்கள் எழுந்திருக்காதீர்கள். அவள் எதைச் சொன்னாலும், சொல்லி முடித்த பிறகு பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். கொஞ்ச நேரம் அவள்கூட இருங்கள்.