இடது பக்கம் சற்றுச் சோம்பல்

அலுவலகத்தில் அவருக்குத் தங்கக்காது என்று பெயர். வைத்தவர் ஆசிரியர். கிண்டலாக வைத்தாரா மெச்சி வைத்தாரா என்பது மற்றவர்களுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. பெயருக்குச் சொந்தக்காரர் மட்டும் அதை மெச்சலாகவே எடுத்துக்கொண்டு, நடக்கும்போது தலையைக் கொஞ்சம் நிமிர்த்தியே வைத்துக்கொண்டார்.

மலிவான சாமான்களை வாங்கலாமா வேண்டாமா என்று ஊருக்குச் சொல்லும் ஒரு இணையதளம் அது. அவருக்கு இயர்பட் பிரிவு. வாரந்தோறும் ஒரு அட்டைப்பெட்டி நிறைய வந்து இறங்கும். ஒவ்வொன்றாகக் காதில் செருகி, கண்ணை மூடி, முதலில் புல்லாங்குழல் கேட்பார், பிறகு முரசு, பிறகு ஒருத்தி செய்தி வாசிக்கிற பதிவு. அது ஒலிக்கான சோதனை. சொகுசுக்கு வேறு சோதனை. வெறும் வாயை அசைபோடுவார், கொட்டாவி விடுவார், தலையை மேலும் கீழும் வேகமாக ஆட்டுவார், மேசையைச் சுற்றிக் குதித்தோடுவார். இத்தனைக்கும் கழன்று விழவில்லை என்றால் நல்ல மார்க் கிடைக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இதைப் பார்த்துவிட்ட துப்புரவு அம்மா, முகத்தில் தெளிக்கத் தண்ணீர்ச் செம்போடு ஓடிவந்தாள்.

எழுத்திலும் அவர் குறை வைக்கவில்லை. 'முரசின் பேஸ் ஒலி நேராக வயிற்றுக்குள் இறங்கிச் சம்மணம் போட்டு உட்காருகிறது', 'குரல் துவைத்துக் காயப்போட்ட சட்டைபோல் வெளுத்திருக்கிறது' என்றெல்லாம் எழுதுவார். ஓரத்தில் ஆரஞ்சுக் கோடு போட்ட சாம்பல்நிற ரப்பர் மாட்டிய ஒரு இயர்பட்டுக்கு, 'காதில் இருப்பதே தெரியவில்லை' என்று சொல்லிச் சொகுசில் பத்துக்குப் பத்து கொடுத்தார்.

அதற்கடுத்து வந்ததில் ஒரு குறை கண்டார். 'இடது பக்கம் சற்றுச் சோம்பல்' என்று எழுதினார். அதற்கடுத்ததிலும் அதே குறை. பிறகு வந்தது அத்தனையும் அப்படியே. கொஞ்சம் அடக்கமானவராக இருந்திருந்தால் தன்மேல் சந்தேகப்பட்டிருப்பார். அவர் உலகத்திலுள்ள எல்லா இயர்பட் கம்பெனிகள் மேலும் சந்தேகப்பட்டார். 'இடது காதுக்கு இழைக்கப்படும் அநீதி' என்று ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். ஒரே நாளில் பிரபலமானார். வாசகர்கள் கூட்டங்கூட்டமாக எழுதினார்கள்: 'ஆமாம் சார், நீங்கள் சொன்ன பிறகுதான் கவனித்தேன், எனக்கும் இடது பக்கம் சரியாகக் கேட்கவில்லை!'

ஒரு கம்பெனிக்காரர் அலறியடித்துக்கொண்டு, இடது பக்கத்து ஒலியைத் தாராளமாக ஏற்றி ஒரு புது இயர்பட்டை அனுப்பினார். தங்கக்காது அதைப் போட்டுப் பார்த்து நெகிழ்ந்துபோனார். 'கடைசியில் ஒருவர் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார். இரண்டு பக்கமும் தராசுத் தட்டுப்போல் நிற்கின்றன' என்று எழுதினார். அது சுடச்சுட விற்றுத் தீர்ந்தது.

வீட்டில் நிலைமை அவ்வளவு தராசாக இல்லை. அவர் மனைவி பேருந்து நிலையத்தில் விசாரணைச் சன்னலுக்குப் பின்னால் வேலை பார்க்கிறவள். பகல் முழுக்க ஒரே பதிலை ஓயாமல் திருப்பித் திருப்பிச் சொல்லி அலுத்தவள் என்பதால், வீட்டில் எதையும் இரண்டாம் தடவை சொல்வதில்லை என்று ஒரு வைராக்கியம். சாப்பாட்டு மேசையில் அவள் உட்காருவது அவருக்கு இடது பக்கம். அவள் ஏதாவது சொல்வாள். அவர் பாட்டுக்குச் சாப்பிடுவார். மனுஷனுக்குப் பேர் வந்ததும் தலைக்கனமும் வந்துவிட்டது என்று அவள் முடிவு கட்டினாள்.

அவருக்கும் ஒரு மனத்தாங்கல் இருந்தது. ஒரு நாள் அவர் வேலை விட்டு வந்தபோது, மச்சினன் இரண்டு பெட்டிகளோடு முன்னறையில் குடியேறியிருந்தான். தன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வாய் திறக்காமல் முழுங்கிக்கொண்டார்.

அந்த மச்சினன்தான் தராசு இயர்பட்டை ஆசையாக வாங்கி மாட்டிப் பார்த்து, மறுநிமிஷம் பிடுங்கி எறிந்தான்.

"மாமா, இது பாட்டா? இடது காதுல சங்கு ஊதுது!"

"பழகாத காது. ரெண்டு நாள் ஆனா சரியாயிடும்" என்றார் தங்கக்காது, பெரிய மனதோடு.

மனைவியும் எடுத்துப் போட்டுப் பார்த்தாள். முகம் சுளித்து, அவருக்கு இடது பக்கமாக நின்றுகொண்டு என்னவோ சொன்னாள். அவர் இயர்பட்டின் டப்பாவைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் சற்று நேரம் அவரையே பார்த்தாள். பிறகு சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்தாள்.

"தகரத்தைத் தரையில இழுக்கற மாதிரி இருக்கு இந்த இடது பக்கம். கோளாறு இதுல இல்லங்க, உங்க காதுல. நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம்னு சொன்னேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒன்றை இரண்டாம் தடவை சொன்னது அதுதான் முதல்முறை. அவர் டப்பாவைத் துடைப்பதை நிறுத்தினார்.

காது டாக்டர் ஒரு அம்மாள். வலது காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து, "சுத்தமா இருக்கு" என்றார். இடது காதுக்குள் பார்த்ததும் நர்ஸைக் கூப்பிட்டுத் தலையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். மெல்லிய இடுக்கி உள்ளே போயிற்று. புட்டியின் கார்க்கைத் திறந்ததுபோல் ஒரு 'ப்ளக்'. தட்டில் வந்து விழுந்தது ஒரு குட்டி ரப்பர். சாம்பல் நிறம். ஓரத்தில் ஆரஞ்சுக் கோடு.

"இது எப்ப உள்ள போச்சு?"

தங்கக்காதுக்குப் பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது. இயர்பட்டைக் கழற்றியபோது ரப்பர் மட்டும் உள்ளேயே தங்கிவிட்டிருக்கிறது.

"மாசக்கணக்கா இருக்கும் டாக்டர். இதைப் பத்தி நான் எழுதியிருக்கேன்" என்றார் ஈனஸ்வரத்தில்.

"என்னன்னு?"

"காதுல இருக்கறதே தெரியலைன்னு."

நர்ஸ் சட்டென்று சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. டாக்டர் மட்டும் முகம் மாறாமல் இருந்தார்.

"எவ்வளவு மார்க் போட்டீங்க?"

"பத்துக்குப் பத்து."

"சரியாத்தானே போட்டிருக்கீங்க" என்றார் டாக்டர்.

தெருவில் இறங்கியதும் உலகத்தின் இடது பாதி மொத்தமாக அவர்மேல் வந்து விழுந்தது. ஸ்கூட்டர் ஹாரன், கடைக் கதவை இழுக்கும் கிறீச்சொலி, யாரோ யாரையோ திட்டுவது. எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்தில் நடந்தவளின் முணுமுணுப்பு: "சொன்னா காதுல ஏறினாத்தானே... கல்லுகிட்ட பேசலாம், இவர்கிட்ட..."

"கேக்குது" என்றார்.

அவள் திடுக்கிட்டு நின்றாள். இத்தனை மாதம் இதெல்லாம் அவருக்குக் கேட்காது என்ற தைரியத்தில் சொன்னதல்ல. கேட்டும் கேட்காததுபோல் இருக்கிறார் என்ற கோபத்தில் சொன்னது. இப்போது எதெல்லாம் அவருக்குக் கேட்டது, எதெல்லாம் கேட்கவில்லை என்று எப்படிப் பிரிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அப்ப தம்பி விஷயம்? அவன் வந்து இருக்கலாமான்னு நான் கேட்டப்ப நீங்க தலையாட்டினீங்களே?"

"எப்ப?"

"முன்னறையில நின்னு. மேலயும் கீழயும். அப்படி ஆட்டினீங்க! என் வீட்டாளுங்க மேல இவ்வளவு பாசமான்னு எனக்கே கண்ணு கலங்கிடுச்சு."

அவர் நடைபாதை ஓரத்துச் சுவரில் சாய்ந்துகொண்டார். "அது சொகுசுச் சோதனை" என்றார்.

அவள் சிரிக்கத் தொடங்கினாள். அடக்கப் பார்த்து முடியாமல் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. வீட்டுக்கு நடந்தே போனார்கள். வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள். விட்டுப்போனது அத்தனையையும் இரண்டாம் தடவை சொன்னாள். மச்சினன் அடுத்த வாரமே வேறு அறை பார்த்துக்கொண்டு போனான். சங்கு ஊதும் இயர்பட்டை மறக்காமல் மாமாவிடமே விட்டுவிட்டுப் போனான்.

அலுவலகத்தில் பழைய பெட்டிகளையெல்லாம் இறக்கி மறுபடி கேட்டார். இடது பக்கங்கள் எல்லாம் சுறுசுறுப்பாகத்தான் இருந்தன. தராசு இயர்பட்டை மாட்டியதும் நாற்காலியிலிருந்து துள்ளி விழுந்தார். அன்றைக்கே உட்கார்ந்து, குறை இயர்பட்களில் இல்லை, தன் காதில்தான் இருந்தது என்று நடந்ததை நடந்தபடி எழுதி, மன்னிப்பும் கேட்டு, ஆசிரியர் முன் வைத்தார்.

ஆசிரியர் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் மலர்ந்தது.

"சார், இதுல எது விஷயம்னு உங்களுக்கே புரியல. இதை என்கிட்ட விடுங்க."

மறுநாள் தளத்தின் உச்சியில், பட்டுத்துணிமேல் அந்த ரப்பரின் படம். மேலே கொட்டை எழுத்தில்: 'மாதக்கணக்கில் கழற்றாமலே சோதித்தோம்: இருப்பதே தெரியவில்லை!' அதில் ஒரு சொல்லைக்கூடப் பொய் என்று சொல்ல முடியாது. மன்னிப்பு அடியில், எறும்பு ஊர்வதுபோன்ற எழுத்தில் இருந்தது.

சாம்பல் ரப்பர் கம்பெனி பூங்கொத்து அனுப்பியது. மற்ற கம்பெனிகள் தங்கள் ரப்பரையும் அதேபோல் உள்ளே விட்டுச் சோதிக்க முடியுமா என்று விசாரித்தன. தராசுக் கம்பெனி, வலது காதுக்கும் சம நீதி வேண்டும் என்று இரண்டு பக்கத்தையும் ஏற்றிப் புதிதாக ஒன்றை வெளியிட்டது. வாசகர்கள் எழுதினார்கள்: 'உங்கள் கட்டுரையைப் படித்ததிலிருந்து எனக்கும் இடது பக்கம் நன்றாகக் கேட்கிறது சார்.'

இதையெல்லாம் பார்த்துவிட்டுத் தங்கக்காது ஆசிரியரிடம் போய்த் தனக்கு வேறு பிரிவு வேண்டும் என்றார். தலையணைப் பிரிவு காலியாக இருந்தது. மேசையை மாற்றிக்கொண்டிருந்தபோது ஒரு தொலைபேசி வந்தது. ஓய்வுபெற்ற லாரி டிரைவராம். கரகரப்பான, மரியாதையான குரல்.

"உங்களைப் படிச்சுட்டுப் போன வாரம் வாங்கினேங்க. அன்னிக்கு மாட்டினவன் இன்னும் கழட்டல. தூங்கும்போதும் அப்படியேதான். ஆனா இன்னும் இருக்கறது தெரியுதுங்க. வலி வேற. நான் எதைத் தப்பாப் பண்றேன்?"

"ஐயா, கடைசியில சின்ன எழுத்துல இருந்ததைப் படிச்சீங்களா?"

"அதெல்லாம் நம்ம கண்ணுக்கு எங்கங்க தெரியுது?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மன்னிப்பை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை நிறுத்தி நிதானமாகத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினார். ஆசிரியர் கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து எட்டிப் பார்த்தார். தங்கக்காது குரலைக் குறைக்கவில்லை.

டிரைவர் கடைசிவரை கேட்டுக்கொண்டார்.

"அப்ப கழட்டிடலாங்கறீங்களா?"

"கழட்டிடுங்கய்யா. ரப்பரும் கூடவே வந்துடுச்சான்னு ஒரு தடவை பாத்துக்குங்க."

மேசைமேல் ஏதோ இரண்டு டொக் டொக்கென்று விழும் சத்தம் கேட்டது. பிறகு, "அப்பாடா!" என்றார் டிரைவர்.