சுண்டுவிரலில் தொடங்கியவள்

போன தை மாதம் விக்டோரியாவின் விரல்களுக்கு வேலை போயிற்று. அவளுக்குப் போகவில்லை, விரல்களுக்கு மட்டும்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் தண்ணீர் பாட்டிலுக்கு மூடி செய்கிற கம்பெனியில் பத்தொன்பது வருஷமாகப் பேக்கிங்கில் இருந்தாள். கூடைக்குள் கையை விட்டு அள்ளினால் சரியாக ஐம்பது மூடி வரும். ஒன்று கூடாது, ஒன்று குறையாது. அந்த இடத்தில் எண்ணுகிற மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள்.

"நீ இனிமே எண்ண வாணாம்மா. பச்ச லைட்டு எரியுதான்னு பாத்துக்கினு இருந்தா போதும்" என்றார் சூப்பர்வைசர் பரசுராமன், ஏதோ வரம் கொடுப்பதைப் போல.

எட்டு மணி நேரம் பச்சை லைட்டைப் பார்ப்பது எவ்வளவு பெரிய வேலை என்று விக்டோரியாவுக்கு ஒரே வாரத்தில் தெரிந்துவிட்டது. விரல்கள் சும்மா இருக்க மறுத்தன. கம்பெனி பஸ்ஸில் முன் சீட்டுக் கம்பியைத் தட்டின. புதுவாயல் வீட்டில் சாப்பாட்டுத் தட்டின் விளிம்பைத் தட்டின. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தின்போது பக்கத்தில் இருந்த புருஷனின் தொடையைத் தட்டின.

"இன்னாமே, என்ன மோளம்னு நெனச்சிக்கினியா?" என்றான் அருணாச்சலம். வேறொரு கம்பெனிக்கு ஷிப்ட் பஸ் ஓட்டுகிறவன். கோபம் வராது; ஆனால் கேலி பண்ணாமல் ஒரு வேளை சோறு இறங்காது.

பீரோ மேல் பழைய போர்வையில் சுற்றிய கீபோர்டு ஒன்று கிடந்தது. மகள் ஜெனிபர் எட்டாவது படிக்கும்போது அடம்பிடித்து வாங்கி, இரண்டு மாதம் வாசித்துவிட்டு மறந்துபோனது. அவள் இப்போது கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிறாள். விக்டோரியா அதைக் கீழே இறக்கித் தூசி தட்டினாள். கட்டைகளின் மேல் ஜெனிபர் ஒட்டிய எழுத்து ஸ்டிக்கர்கள் அப்படியே இருந்தன. விக்டோரியா அதைக் கீபோர்டு என்று சொல்லவில்லை. பியானோ என்றுதான் சொன்னாள். நாற்பத்து நாலு வயதில் கற்றுக்கொள்ளப் போவது பியானோவாக இருந்தால்தானே மரியாதை?

ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே பழைய புத்தகம் விற்பவனிடம், வாத்தியார் இல்லாமலே பியானோ பழகலாம் என்று சொல்லும் புத்தகம் ஒன்று அகப்பட்டது. அட்டை இல்லை. ஒன்பதாம் பக்கத்திலிருந்துதான் தொடங்கியது. முன்னாடி போனது முன்னுரையாகத்தான் இருக்கும், அதை யார் படிக்கிறார்கள் என்று விக்டோரியா விட்டுவிட்டாள்.

அங்கேதான் வந்தது வினை.

புத்தகத்தில் ஒவ்வொரு சுரத்துக்கும் கீழே எந்த விரலால் அழுத்த வேண்டும் என்று எண் போட்டிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. ஒன்று எந்த விரல்? பேக்கிங்கில் இத்தனை வருஷம் பெட்டிக் கணக்கைச் சுண்டுவிரலில் தொடங்கித்தான் அவள் எண்ணியிருக்கிறாள். அதனால் சுண்டுவிரல் ஒன்று, கட்டைவிரல் ஐந்து. அதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

ஆனால் அப்படி வைத்தால் வலது கை பொருந்தவில்லை. முதல் கட்டையில் சுண்டுவிரலை வைத்தால் மற்ற விரல்கள் எதிர்ப் பக்கம் போயின. கையை மல்லாத்திப் பார்த்தாள். கீபோர்டுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து பார்த்தாள். கடைசியில், இடது கையை எடுத்து வலப் பக்கம் வைத்தாள். அச்சில் வார்த்ததைப் போல் பொருந்தியது! வலது கையை இடப் பக்கம் கொண்டுபோனாள். அதுவும் பொருந்தியது. இரண்டு கையும் குறுக்கே மாறிக் கிடந்தன.

சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவர் பாடகர்களுக்குப் பின்னால் உட்காருவார், கை தெரியாது. டிவியில் வாசிக்கிறவர்கள் கையை நேராக வைத்திருப்பதைப் பார்த்த ஞாபகம் இருந்தது. பழகினவர்கள் நேராக வைப்பார்கள், பழகுகிறவர்கள் இப்படி வைப்பார்கள் போலிருக்கிறது என்று முடிவுகட்டினாள்.

மூன்றரைக்கு ஷிப்ட் முடிந்து வந்ததும் முகம் கழுவி, டீ குடித்து, கட்டிலில் உட்கார்ந்து கையைக் குறுக்கே போடுவாள். முதல் மாதம் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. இரண்டாவது மாதம் முழங்கைகள் ஒன்றையொன்று இடிக்காமல் போகக் கற்றுக்கொண்டன. ஆறாவது மாதம் இருபத்து நாலாம் பாடமான அணிவகுப்பு மெட்டைத் தடுமாறாமல் வாசித்தாள்.

"பியானோ வாசிக்கிறியா, பரோட்டா மாவு பெசையிறியா?" என்று கேட்டான் அருணாச்சலம். ஆனால் வாசலில் செருப்பைக் கழற்றாமல் பாட்டு முடியும்வரை நின்றுகொண்டிருந்ததை அவள் கவனித்தாள்.

கம்பெனியில் அவளுடன் வேலை செய்யும் சுமலதா ஒருநாள் வீட்டுக்கு வந்தபோது இதைக் கேட்டுவிட்டாள். ஆந்திரா பக்கத்துப் பெண். மனசில் ஒன்றை வைத்துக்கொள்ளத் தெரியாது. மறுநாளே ஆண்டு விழா நிகழ்ச்சிப் பட்டியலில் விக்டோரியாவின் பெயரை எழுதிவிட்டாள்.

"அய்யோ, என்ன கேக்காம ஏன்டி குடுத்த?"

"கேட்டா வாணாம்னு சொல்லுவ. அதான் கேக்கல."

விழா ஒரு சனிக்கிழமை காலை, கேன்டீன் ஷெட்டில் நடந்தது. சோழவரத்திலிருந்து வந்திருந்த இசைக்குழுவின் கீபோர்டுக்காரர் ஸ்டீவன், தன் கீபோர்டையே அவளுக்குக் கொடுத்துவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றார். விக்டோரியா சேலையைச் சரிசெய்து உட்கார்ந்து, இரண்டு கையையும் குறுக்கே போட்டாள். ஸ்டீவன் குடித்துக்கொண்டிருந்த காபி உதட்டிலேயே நின்றது.

அவள் பிழையில்லாமல் வாசித்தாள். இடது கை வலப் பக்கம் மேலே ஓடியது. வலது கை அதன் அடியில் புகுந்து இடப் பக்கம் தாளம் போட்டது. நடுவில் யாரோ விசில் அடித்தார்கள். விக்டோரியா நிமிர்ந்து பார்த்தாள், பரசுராமன்! முடிந்தபோது கைதட்டலில் தகரக் கூரை அதிர்ந்தது. முன் வரிசையில் லீவு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்த அருணாச்சலம் போனில் படம் பிடிப்பதை மறந்து, போனோடு சேர்த்துக் கை தட்டினான்.

ஸ்டீவன் மேடைக்குப் பின்னால் ஓடி வந்தார். "அக்கா, எனக்கு இருவது வருஷ சர்வீஸு. இப்புடி ஒரு டெக்னிக் பாத்ததே இல்ல. எங்க கத்துக்கினீங்க?"

"பொஸ்தகத்துலதான்" என்று பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள் விக்டோரியா.

அவர் புரட்டினார். எண்களைப் பார்த்தார். அவள் கையைப் பார்த்தார். மெதுவாக, "அக்கா, ஒண்ணுன்னா எந்த வெரலு?" என்றார்.

அவள் சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

ஸ்டீவனுக்குச் சிரிக்கவும் முடியவில்லை, சிரிக்காமல் இருக்கவும் முடியவில்லை. விழா அழைப்பிதழ் ஒன்றைத் திருப்பிப் போட்டு, அவள் கையை அதன்மேல் வைக்கச் சொல்லி, பேனாவால் சுற்றி வரைந்தார். கட்டைவிரலுக்குள் ஒன்று என்று எழுதினார். சுண்டுவிரலுக்குள் ஐந்து.

விக்டோரியா அந்தப் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்போ இந்த ஏழு மாசமா?"

"ஏழு மாசமா நீங்க யாராலயும் முடியாதத வாசிச்சிக்கினு இருந்தீங்க" என்றார் ஸ்டீவன். உண்மையாகத்தான் சொன்னார்.

ஆனால் அது ஆறுதலாக இல்லை. ஊர் சிரிக்குமே என்று அவள் பயப்படவில்லை. ஊருக்குத் தெரியாது, எல்லோரும் அதைப் பெரிய வித்தை என்றே நினைத்தார்கள். திங்கட்கிழமை பரசுராமன்கூட, "அடுத்த வாரம் கஸ்டமருங்க வராங்க, அந்தக் குறுக்குக் கைய ஒருவாட்டி காட்டும்மா" என்றார். அதுதான் அவளுக்கு வலித்தது. சங்கீதம் வாசித்ததாக நினைத்தாள்; அவர்கள் சர்க்கஸ் பார்த்திருக்கிறார்கள். "அத உட்டுட்டேன் சார்" என்று சொல்லிவிட்டுப் பச்சை லைட்டைப் பார்த்தாள்.

புருஷனிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லிவிட்டு, ஆறு நாள் கீபோர்டைத் தொடவில்லை. ஏழாவது நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கட்டிலின்மேல் அது தயாராக இருந்தது. அருணாச்சலம் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"ஒண்ணாம் பாடம். ஒக்காரு."

"பேஜாரு பண்ணாதய்யா. கை வராது."

"ரிவர்ஸ் எடுத்துத்தான் ஆவணும்னா எடுக்க வேண்டிதான். எவ்ளோ பெரிய பஸ்ஸ எடுக்கறேன் நானு."

அவள் உட்கார்ந்தாள். வலது கை நேராக நின்றது. இடது கையோ, யாரும் கூப்பிடாமலே வலப் பக்கம் தாவியது. இழுத்து வைத்தாள். மறுபடியும் தாவியது. மூன்றாவது தடவை அருணாச்சலம் சமையலறைக்குப் போய் முறத்தை எடுத்து வந்து, கீபோர்டின் நடுவே செங்குத்தாக நிறுத்திப் பிடித்துக்கொண்டான்.

"இப்ப தாண்டு பாக்கலாம்."

இடது கை முறத்தில் முட்டித் திரும்பியது. விக்டோரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆறு நாளாக அடைத்து வைத்திருந்த சிரிப்பு. கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு அழைப்பிதழைப் பார்த்துக் கட்டைவிரலை முதல் கட்டையில் வைத்து மெல்ல வாசித்தாள். ஐந்தே சுரம். கேவலமாகத்தான் இருந்தது. ஆனால் முழங்கை எதிலும் இடிக்கவில்லை, தோள் இறங்கியிருந்தது. ஒவ்வொரு கையும் தனித்தனியாகப் பேசுவது முதல் தடவையாக அவள் காதில் விழுந்தது.

அடுத்த வாரம் முறம் தேவைப்படவில்லை. ஆனாலும் காவல்காரன் போகவில்லை. இடப் பக்கம் உட்கார்ந்து, சும்மா இருப்பானேன் என்று ஒற்றை விரலால் ஒரு கட்டையைத் தொட்டான். கியர் போடுகிற கை, அழுத்தமாகவே விழுந்தது.

"மெதுவா அமுக்குய்யா!"

"நீ ஒன் வேலையப் பாரு."

நாலாம் பாடத்தில் அவளுக்கு மேல் வரிசை, அவனுக்குக் கீழ் வரிசை என்று பிரிந்துவிட்டது. ஒருநாள் அவள் ஓவர்டைம் முடிந்து ஆறு மணிக்கு வீடு திரும்பினாள். கதவு சாத்தியிருந்தது. உள்ளே யாரோ கீழ் வரிசையைத் திக்கித் திக்கி வாசிக்கும் சத்தம். விக்டோரியா செருப்பைக் கழற்றாமல் கேட்டுக்கொண்டே நின்றாள். மூன்றாவது சுரம் தப்பு. மறுபடியும் தப்பு.

பொறுக்க முடியாமல் ஜன்னல் வழியாகக் கத்தினாள்: "நாலாவது வெரலுய்யா, நாலாவது!"