நமக்கு உதவாத அழுகை

வெளிநாட்டிலிருக்கும் புருஷனோடு போய்ச் சேர வேண்டுமென்றால், தையற்காரி இங்கிலீஷ் பரீட்சையில் தேறியாக வேண்டும். தினமும் செய்தி கேட்டால் பாஷை தானாக வரும் என்று டியூஷனில் சொல்லிவிட்டார்கள். செய்தியிலோ எந்நேரமும் போர்தான். அதற்கு அவள் என்ன செய்வாள், பாவம்!

கடையில் டிவி ஓடிக்கொண்டே இருக்கும். புது வார்த்தை காதில் விழுந்தால் மெஷினை நிறுத்தி, வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி மிதிப்பாள். ஷெல்லிங் என்றால் குண்டுவீச்சு. ரபிள் என்றால் இடிபாடு. கேஷுவல்டி என்றால் செத்தவனும் அதில் அடக்கம், காயம்பட்டவனும் அடக்கம். நல்ல சிக்கனமான வார்த்தை என்று அவளுக்குப் பிடித்துப்போனது. ஆரம்பத்தில் இந்தக் காட்சிகளைப் பார்த்து மடியிலிருந்த துணி நனைய அழுதவள்தான்.

இன்று அவளும் நாத்தனாரும் பள்ளிக்கூடச் சட்டைகள் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன அண்ணி சொல்றாங்க?" என்று பட்டன் வைத்துக்கொண்டிருந்த நாத்தனார் கேட்டாள்.

"ஸ்கூல் மேல குண்டு விழுந்துருச்சாம். ஒரு வார்த்தை விடாம புரிஞ்சுதுடி எனக்கு!" என்றாள். முகமெல்லாம் பல்.

நாத்தனார் ஊசியைக் கையில் பிடித்தபடி அவளையே பார்த்தாள்.

திரையில் செய்தியாளர் போய், ஒரு தாய் வந்தாள். புழுதி படிந்த சின்னச் சட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு, தன் பாஷையில் என்னவோ சொல்லிக் கதறினாள்.

"ஐயோ, இவ என்ன சொல்றா அண்ணி?"

"அது இங்கிலீஷ் இல்ல. நமக்கு உதவாது."

தையற்காரி சத்தத்தைக் குறைத்துவிட்டு அடுத்த சட்டையை எடுத்தாள்.